தன் தொடையிற் சோதனை செய்த சத்திரசிகிச்சை வல்லுநர்: சேர் ஜோன் சார்ன்லி



நமது ஆண்டு விழாவுக்கு வருகை தரும் பாட்டன் பாட்டிமாரை மண்டப வாசலில் நின்று சற்றே உற்றுநோக்குங்கள். கைத்தடியின்றிப் படியேறி வரும் முதியவர் ஒருவரை அணுகி நலம் விசாரித்தால், சில ஆண்டுகளுக்கு முன்னர் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டதாக அவர் மிகச் சாதாரணமாகக் கூறக்கூடும். பல் கட்டியதைச் சொல்வது போலவே இதனையும் சொல்வார். ஆனால் 1950களில் இடுப்பு மூட்டுத் தேய்ந்தவரின் நிலை அவ்வாறு இருக்கவில்லை. நடை குறையும், பின் நிற்பதும் குறையும், இறுதியில் கட்டிலும் நோவுமே துணையாகும். அந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர், நாம் வாழும் இவ்விங்கிலாந்து நாட்டிற் பிறந்த ஜோன் சார்ன்லி என்னும் பெருமகனாவார்.

அவருடைய வெற்றியைப் பலரும் எழுதியுள்ளனர். இக்கட்டுரையில் அவருடைய தோல்வியையே சற்று விரிவாகக் கூற விழைகின்றேன். நம்மைக் காப்பதற்கென்றே அமைந்த உடலின் காவற்படை, சில வேளைகளில் நம் எலும்பையே அரித்துவிடும் என்னும் வியத்தகு உண்மை அத்தோல்விக்குள்ளேதான் மறைந்திருந்தது.

சார்ன்லி 1911 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 29 ஆம் நாள், லங்காஷயர் மாநிலத்தின் பெரி என்னும் நகரிற் பிறந்தார். பருத்தி ஆலைகளும் புகைபோக்கிகளும் நிறைந்த ஊர் அது. தந்தையார் மருந்துக்கடை நடத்தியவர். தாயார் தாதியாகப் பயிற்சி பெற்றவர். பெரி இலக்கணப் பாடசாலையிற் கற்றபின் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1935 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே, இருபத்தைந்து வயதளவில், சத்திரசிகிச்சையாளருக்குரிய உயர் தேர்விலும் தேறினார். எந்த இயந்திரத்தையும் கழற்றிப் பார்க்காமல் விடாத இயல்பு அவருக்கு இருந்தது. கைவினைஞரின் கையும் விஞ்ஞானியின் மனமும் ஒருவரிடமே அமைவது அரிது, அவரிடம் அமைந்திருந்தன.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது 1940 ஆம் ஆண்டில் இராணுவ மருத்துவப் பிரிவிற் சேர்ந்தார். டன்கேர்க் கரையிலிருந்து படையினரை மீட்ட பணியிற் பங்கு கொண்டார். பின்னர் எகிப்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே படையினரின் பட்டறையே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. முறிந்த கால்களுக்கான தாங்கிகளையும் சத்திரசிகிச்சைக் கருவிகளையும் தாமே வரைந்து, பட்டறைத் தொழிலாளரைக் கொண்டு செய்வித்தார்.

போர் முடிந்து நாடு திரும்பியதும் எலும்புச் சத்திரசிகிச்சையையே தம் துறையாக வரித்துக்கொண்டார். ஒஸ்வெஸ்ட்ரி என்னும் ஊரிலுள்ள எலும்பு வைத்தியசாலையிற் சிறிது காலம் பணியாற்றியபோது ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். வேடிக்கை என்று சொல்வதா, விபரீதம் என்று சொல்வதா என்று தெரியவில்லை. ஒட்டுவைத்த எலும்புத் துண்டு எவ்வாறு உயிர் பெறுகின்றது என்பதை அறியவேண்டி, தம் முழந்தாளின் கீழுள்ள எலும்பிலேயே சோதனைச் சத்திரசிகிச்சை செய்யுமாறு உடன் பணியாற்றிய இளைய மருத்துவர் ஒருவரை இணங்கச் செய்தார். அவ்விடத்திற் கிருமி தொற்றி அவர் பெரிதும் துன்புற நேர்ந்தது. ஆயினும் தம் உடலைச் சோதனைக்களமாக்கும் பழக்கம் அதனோடு அவரை விட்டு நீங்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

முறிந்த எலும்புகளைக் கத்தியின்றிச் சீர்செய்யும் முறை பற்றி 1950 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் புகழ் பெற்றது. அதனோடு நின்றிருந்தாலும் அவர் பெயர் நிலைத்திருக்கும். ஆனால் ஒரு நோயாளியின் இடுப்பு எழுப்பிய ஓசை அவரை வேறு வழியில் இட்டுச் சென்றது.

அக்காலத்திற் பிரான்சு நாட்டின் ஜூடே சகோதரர்கள் அக்கிரிலிக் என்னும் பிளாஸ்டிக்கினாற் செய்த உருண்டையொன்றைத் தொடையெலும்பின் தலைக்குப் பதிலாகப் பொருத்தி வந்தனர். அவ்வாறு பொருத்தப்பெற்ற ஒருவர் சார்ன்லியிடம் வந்தார். அவர் உணவு மேசையில் முன்னோக்கிச் சாயும்போதெல்லாம் எண்ணெய் காணாத கதவுப் பிணைச்சல் போல இடுப்பு கிறீச்சிடும். அவ்வோசை பொறுக்கமாட்டாமல் மனைவியார் எழுந்து சென்றுவிடுவாராம். கேட்டவர் நகைத்திருப்பர். சார்ன்லியோ சிந்திக்கத் தொடங்கினார். கிறீச்சிடுகின்றது என்றால் உராய்வு மிகுதி. உராய்வு மிகுதியென்றால் பொருத்திய உறுப்பு எலும்பினின்றும் நாளடைவிற் கழன்றுவிடும் அல்லவா?

இயற்கை அளித்த மூட்டின் உராய்வை அளந்து பார்த்தார். பனிக்கட்டியின் மீது பனிக்கட்டி வழுக்குவதைக் காட்டிலும் எளிதாக மூட்டின் குருத்தெலும்புகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்குவதைக் கண்டார். அதற்குக் காரணம் மூட்டிலுள்ள நீர் மாத்திரமன்று, குருத்தெலும்பின் மேற்பரப்பே வழுக்குந் தன்மை உடையது என முடிவு செய்தார். எனவே செயற்கை மூட்டுக்கும் இயல்பிலேயே வழுக்கும் பொருள் ஒன்று வேண்டும்.

அவர் தெரிந்தெடுத்த பொருள் டெஃப்லோன். உங்கள் வீட்டில் மாவு ஒட்டாத தோசைக்கல் இருந்தால் அதன் கரிய பூச்சு பெரும்பாலும் இதுவே. இடுப்பு மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. சார்ன்லி கிண்ணத்தை டெஃப்லோனினாற் செய்தார். பந்தினை உருக்கினாற் செய்தார். உராய்வின் முறுக்குவிசையைக் குறைப்பதற்காகப் பந்தினை மிகச் சிறிதாக்கி, ஈற்றில் ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் விட்டமுடையதாக அமைத்தார். பல்வைத்தியர்கள் பயன்படுத்திய அக்கிரிலிக் பசையைச் சீமெந்து போலக் குழைத்து, உருக்குத் தண்டுக்கும் தொடையெலும்புக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்பினார். அது ஒட்டும் பசையன்று. கல்லிடுக்கை நிரப்பும் சாந்து போன்றது. தண்டு தாங்கும் பாரம் அதனால் எலும்பு முழுவதற்கும் பரவும்.

மன்செஸ்டர் நகருக்கு அப்பால், விகன் அருகேயுள்ள ரைட்டிங்டன் வைத்தியசாலையில் அவர் தம் பணிமனையை அமைத்தார். அது முன்னர்க் காசநோயாளருக்கென அமைந்த இடம். 1958 ஆம் ஆண்டு தொடக்கம் அவர் டெஃப்லோன் மூட்டைப் பொருத்திய நோயாளர்கள் முந்நூறளவினர். ஆண்டுக்கணக்காக நோவோடு கிடந்தவர்கள் எழுந்து நடந்தனர். நோயாளர் மகிழ்ந்தனர், மருத்துவ உலகம் வியந்தது. 1961 ஆம் ஆண்டு இடுப்புச் சத்திரசிகிச்சைக்கென்றே ஒரு நிலையம் ரைட்டிங்டனில் உருவாயிற்று.

ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகள் செல்வதற்குள் நடந்தவர்களுக்கு நோவு மீண்டது. எக்ஸ்ரே படங்களில் உருக்குப் பந்து கிண்ணத்தைத் துளைத்துக்கொண்டு மேலேறுவது தெரிந்தது. உள்ளே திறந்து பார்த்தபோது மற்றுமொரு கேடு வெளிப்பட்டது. கிண்ணத்தினின்றும் தேய்ந்து உதிர்ந்த டெஃப்லோன் துகள்களைச் சுற்றிப் பாற்கட்டி போன்ற வெண்ணிறத் திரள் மண்டிக் கிடந்தது. அருகிலிருந்த எலும்பு அரிக்கப்பட்டிருந்தது. காசநோயில் தோன்றும் சீழைப் போன்ற தோற்றம். ஆயினும் அதிற் கிருமி எதுவும் இல்லை.

கிருமியில்லாத இடத்தில் எலும்பை அரித்தது எது? இவ்விடத்திற் சார்ன்லியைச் சற்று நிறுத்திவைத்து, உடலின் உள்ளே சென்று பார்ப்போம்.

நம் குருதியிலும் இழையங்களிலும் தின்குழியங்கள் என்னும் கலங்கள் காவலர் போலத் திரிகின்றன. அவற்றின் தொழிலை முதலில் விளக்கியவர் உருசிய விஞ்ஞானி மெச்னிக்கோவ். 1882 ஆம் ஆண்டில் இத்தாலியின் மெசீனா நகரில், கண்ணாடி போன்ற உடலுடைய நட்சத்திரமீன் குடம்பிக்குள் முள்ளைக் குத்திவைத்து, அதனைச் சூழ்ந்துகொள்ளும் கலங்களை அவர் கண்டார். அந்நியப் பொருள் எதுவாயினும் அதனைச் சூழ்ந்து விழுங்கிச் செரித்துவிடுவது தின்குழியத்தின் இயல்பு. பற்றீரியாவை விழுங்கினால் வெற்றி எளிது. பிளாஸ்டிக் துகளை விழுங்கினால் என்ன ஆகும்? விழுங்கலாம், செரிக்க முடியாது. துப்பவும் இயலாமல், கரைக்கவும் இயலாமல் அந்தக் கலம் திணறுகின்றது. பகைவன் இன்னும் அழியவில்லை என்று எண்ணி, மேலும் காவலரை வருமாறு இரசாயனத் தூதுகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றது. வந்தவர்களும் துகளை விழுங்கித் திணறுகின்றனர். இவ்வாறு கூட்டம் பெருகிப் பெருகித் திரளாகின்றது. சார்ன்லி கண்ட வெண்டிரளின் கதை இதுவே.

எலும்பு எவ்வாறு அழிகின்றது? எலும்பு கல்லைப் போல மாறாதது என்று எண்ணாதீர்கள். நம் எலும்பை ஒருவகைக் கலங்கள் நாள்தோறும் கரைக்கின்றன. இன்னொருவகைக் கலங்கள் நாள்தோறும் கட்டுகின்றன. பழைய சுவரை இடிப்போரும் புதிய சுவரை எழுப்புவோரும் ஒரே வீட்டில் ஓயாமல் வேலை செய்வது போன்றது இது. இடிப்போரின் தொகையும் கட்டுவோரின் தொகையும் ஒத்திருக்கும் வரை வீடு நிற்கும். திணறும் தின்குழியங்கள் அனுப்பும் தூதுகள் இடிக்கும் கலங்களைத் தூண்டிவிடுகின்றன. கட்டும் கலங்களைத் தளர்த்துகின்றன. இன்னொரு செய்தியும் உண்டு. எலும்பை இடிக்கும் கலமும் தின்குழியமும் ஒரே குலத்திற் பிறந்தவை. காவலனும் இடிப்பவனும் உடன்பிறந்தோர் என்றால் ஒருவர் குரலுக்கு மற்றவர் செவிசாய்ப்பதில் வியப்பென்ன?

இவ்விளக்கம் முழுவதும் இன்று நமக்குக் கிடைத்திருப்பது. 1962 ஆம் ஆண்டில் சார்ன்லியிடம் இருந்தவை முந்நூறு நோயாளரும், மனத்தை வாட்டும் எக்ஸ்ரே படங்களுமே. பழியை நோயாளர் மீதோ பொருள் மீதோ போட்டுவிட்டு ஒதுங்க அவர் முயலவில்லை. தம் தவற்றைத் தாமே அகற்றுவது என்று தீர்மானித்து, அந்நோயாளர்களை மீண்டும் அழைத்துப் பழுதான கிண்ணங்களை வெளியே எடுத்தார். வேறு பொருள் கலந்து வலுவூட்டிய டெஃப்லோனையும் முயன்று பார்த்தார்; அதுவும் கைகொடுக்கவில்லை.

அந்த இருண்ட நாட்களில் ஒரு விற்பனையாளர் ரைட்டிங்டனுக்கு வந்தார். லங்காஷயர் நெசவு இயந்திரங்களின் பற்சில்லுகளுக்குப் பயன்பட்ட ஒருவகைப் பொலிஎதிலீன் கட்டியை அவர் காட்டினார். கடைகளில் நாம் வாங்கும் பொலித்தீன் பைக்கு இது மூத்த அண்ணன் முறை. மூலக்கூறுகள் மிக நீண்டவை, உறுதி மிக்கவை. சார்ன்லி அதனை நகத்தாற் கீறிப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று ஒதுக்கினார். அவருடைய பட்டறைத் தொழில்நுட்பவியலாளர் ஹரி கிரேவன் ஒதுக்கவில்லை. சார்ன்லி கொப்பன்ஹேகன் சென்றிருந்த வேளையில், தேய்வை அளப்பதற்கென்று தாம் அமைத்த இயந்திரத்தில் அத்துண்டைப் பொருத்தி இரவும் பகலும் ஓடவிட்டார். டெஃப்லோன் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது மூன்று வாரத்திலும் தேயவில்லை. பெரியவர் வேண்டாமென்றதைச் சிறியவர் சோதித்தார். ஊர் திரும்பிய பெரியவரும் தம் கருத்தை உடனே மாற்றிக்கொண்டார். இருவரையும் பாராட்டத்தான் வேண்டும்.

ஆயினும் சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடுமா? தேய்வு குறைவு என்பது மாத்திரம் இப்போது அவருக்குப் போதுமானதாக இல்லை. உடல் இப்பொருளை எவ்வாறு ஏற்கும் என்று அறியவேண்டும். ஆகவே நுண்ணிய டெஃப்லோனையும் பொலிஎதிலீனையும் தம் தொடைத் தசையினுள்ளேயே செலுத்திக்கொண்டார். மாதங்கள் கழிந்தன. டெஃப்லோன் செலுத்திய இடத்திற் கையால் தடவி உணரக்கூடிய கட்டிகள் தோன்றின. பொலிஎதிலீன் செலுத்திய இடத்தில் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. இதனை 1963 ஆம் ஆண்டு லான்செற் என்னும் மருத்துவ இதழில் எழுதி, டெஃப்லோனைப் பயன்படுத்துவோரை எச்சரித்தார். மாணவர்களே, வீட்டில் எவரும் இதனைப் பின்பற்றலாகாது. இன்று எந்த மருத்துவக் குழுவும் இத்தகைய சோதனைக்கு அனுமதி தராது.

1962 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பொலிஎதிலீன் கிண்ணம் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அம்முறை வெற்றி பெற்றது. ஆனால் அவ்வெற்றியைப் பறைசாற்ற அவர் விரையவில்லை. ரைட்டிங்டனுக்கு வந்து முறையாகப் பயின்ற சத்திரசிகிச்சையாளருக்கு மாத்திரமே தம் மூட்டை விற்கவேண்டும் என்று தயாரிப்பாளரைக் கட்டுப்படுத்தினார். நோயாளரை ஆண்டுகள்தோறும் அழைத்து எக்ஸ்ரே எடுத்துத் தேய்வை அளந்தார். தாம் இறந்தபின் அந்த மூட்டை ஆராய்ச்சிக்குத் திருப்பித் தருமாறும் அவர்களை வேண்டினார். கேட்பதற்குக் கூச்சமான வேண்டுகோள்தான். ஆயினும் பலர் மனமுவந்து இசைந்தனர்.

கிருமித் தொற்றும் அவரை உறங்கவிடவில்லை. தொடக்கத்தில் நூற்றுக்கு ஏழு பேரளவிற் கிருமி தொற்றியது. கிருமி காற்றிலிருந்தே வருகின்றது என்று கருதி, வடிகட்டிய காற்று மேலிருந்து கீழே ஓடும் கண்ணாடிக் கூடம் ஒன்றைச் சத்திரசிகிச்சை மேசையைச் சுற்றி அமைத்தார். மருத்துவரின் மூச்சையும் வெளியே உறிஞ்சும் முழு அங்கியை வடிவமைத்தார். 1970களின் தொடக்கத்துள் தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழாயிற்று.

இவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் ஒன்று முழுமையாகப் புலப்படவில்லை. பொலிஎதிலீனும் தேயத்தான் செய்தது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவு. அது அற்பமாகத் தோன்றும். ஆனால் அத்துகள்களிற் பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியவை. தின்குழியம் விழுங்குவதற்கு அளவெடுத்தவை போன்றவை. ஓரடி எடுத்து வைக்கும்போதே அவை இலட்சக்கணக்கில் உதிரக்கூடும் என்று மதிப்பிட்டுள்ளனர். டெஃப்லோன் மூன்றாண்டுகளிற் செய்த கேட்டைப் பொலிஎதிலீன் பதினைந்து இருபது ஆண்டுகளில், அதுவும் சிலரிடத்து மாத்திரம், ஓசையின்றிச் செய்தது. எக்ஸ்ரே படங்களிற் செயற்கை மூட்டைச் சுற்றி எலும்பு கரைந்த இடங்களைக் கண்டபோது சார்ன்லி கிருமித் தொற்றையே ஐயுற்றார். வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கிருமியோடு போரிட்டுக் கழித்தவர்க்கு அவ்வாறு தோன்றியதில் வியப்பில்லை.

1977 ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த வில்லேர்ட் என்பார், தேய்வுத் துகள்களும் அவற்றை விழுங்கும் தின்குழியங்களுமே எலும்பிழப்புக்குக் காரணம் என்று விளக்கினார். அதன் பின்னரும் உலகம் உடனே தெளிந்துவிடவில்லை. 1980களிற் பலர் பழியை அக்கிரிலிக் சீமெந்தின் மீது சுமத்தி, சீமெந்து நோய் என்று பெயரும் சூட்டினர். சீமெந்தில்லாத மூட்டுகள் வந்தன. அவற்றைச் சுற்றியும் எலும்பு கரைந்தது! பாவம், சீமெந்து வீண்பழி சுமந்தது. குற்றவாளி துகளே என்பது அதன் பின்னரே உறுதிப்பட்டது. எலும்பை இடிக்கும் கலத்தைத் தட்டியெழுப்பும் புரதத் தூது எதுவென்பது 1990களின் இறுதியிற் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்திற் பொலிஎதிலீனைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைக்கும் முறையும் நடைமுறைக்கு வந்தது. அதனால் தேய்வு பெரிதும் குறைந்தது. துகள் குறையவே தின்குழியங்களின் கலகமும் குறைந்தது.

இவற்றுட் பலவற்றைக் காணச் சார்ன்லி இருக்கவில்லை. 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசும், 1975 ஆம் ஆண்டில் அரச கழக உறுப்புரிமையும், 1977 ஆம் ஆண்டில் சேர் பட்டமும் அவரை வந்தடைந்தன. நாற்பத்தைந்து வயதின் பின்னரே மணம் புரிந்த அவருக்கு மகன் ஒருவரும் மகள் ஒருவரும். தம் இடுப்புச் சத்திரசிகிச்சை அனுபவம் முழுவதையும் 1979 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1982 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 5 ஆம் நாள் மாரடைப்பினாற் காலமானார். அப்போது அவருக்கு வயது எழுபது.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். வீட்டிலுள்ள முதியவருக்குச் செயற்கை மூட்டு இருப்பின், நோவு இல்லை என்பதற்காக வைத்தியசாலையின் மறுபரிசோதனை அழைப்பைத் தட்டிக்கழிக்காதீர்கள். துகளினால் எலும்பு கரைவது பல வேளைகளில் வலியின்றியே நிகழும். மூட்டுத் தளர்ந்த பின்னரே நோவு தெரியும். அந்த எக்ஸ்ரே படத்தை ஒளிப்பலகையிலோ கணினித் திரையிலோ மருத்துவர் உற்றுநோக்கும்போது, வெண்மையாய்த் தெரியும் உருக்குத் தண்டையும் கிண்ணத்தையும் சுற்றி எலும்பில் எங்கேனும் கரிய நிழல் படிந்திருக்கின்றதா என்றே தேடுவார். 1962 இல் ரைட்டிங்டனிற் சார்ன்லி நெஞ்சம் பதைக்கத் தேடியதும் அந்த நிழலையே.